மவுன்டன் வியூவில் ஒரு மா நிலம்

கும்பகோணத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரைத் திறந்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டால் மவுன்டன் வியூ என்று பதில் வரும். கலிபோர்னியாவில் கூகுள் தலைமையகம் இருக்கிற ஊர். நாமாக மாற்றிச் சொல்லும்வரை அது அங்கேயேதான் நிற்கும். பேட்டரி 100 சதவீதம் காட்டும், இறங்காது. சிக்னல் கோடு குறையாது. கேமராவைத் திறந்தால் கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு வீட்டு அறை தெரியும். இப்படிப்பட்ட போன் இந்த ஊரில் யார் சட்டைப் பையிலும் இல்லை.

இந்தப் பேச்சு எழுந்தது ஒரு டீக்கடை பெஞ்சில். டிகிரி காபி ஊரில் டீயா என்று கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும். பொறுமையாகப் பேச டீக்கடை பெஞ்சுதான் தோது. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருவர், ப்ராஜெக்ட்டுக்காக ஓர் ஆப் செய்கிறார். வயலுக்குப் போய், சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்து, பயிரைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். "அண்ணே, எமுலேட்டர்ல பக்காவா ஓடுது. அப்புறம் எதுக்குண்ணே போன்ல வேற போட்டுப் பாக்கச் சொல்றாங்க? ரெண்டும் ஆண்ட்ராய்டுதானே?"

நியாயமான கேள்வி. ரெண்டும் ஆண்ட்ராய்டுதான். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எமுலேட்டர் என்பது லேப்டாப்புக்குள் ஓடும் ஒரு மென்பொருள் போன். படம் காட்டுகிற பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே முழு ஆண்ட்ராய்டும் ஓடுகிறது. 2007 நவம்பரில் ஆண்ட்ராய்டுக்கு ஆப் எழுதும் கருவிகளைக் கூகுள் முதன்முதலில் வெளியிட்டபோது, அதை ஓட்டிப் பார்க்க உலகத்தில் கடையில் வாங்கக்கூடிய ஒரு ஆண்ட்ராய்டு போன்கூடக் கிடையாது. முதல் போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபரில். ஏறக்குறைய ஒரு வருஷம், வெளியிலிருந்த டெவலப்பர்களில் பெரும்பாலோர் எமுலேட்டரை மட்டுமே நம்பி எழுதினார்கள். ஆக அது உதவாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை.

ஐபோன் பக்கம் கதை வேறு. அங்கே ஆப்பிள் கொடுப்பது சிமுலேட்டர். அது ஐபோனின் வன்பொருளைப் பாவனை செய்வதே இல்லை. நம் ஆப்பை மேக் கம்ப்யூட்டரின் சிப்புக்கு ஏற்றபடி தொகுத்து, மேக்கிலேயே ஓட்டுகிறது. வேகமும் நினைவகமும் மேக்கினுடையவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கமாக மேக்கில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் கணக்கில் வராது, ஐபோனில் வரும். கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்துவிட்டு நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், சிமுலேட்டரில் படம் அழகாகத் தெரியும். போனில் அந்த இடம் காலியாக இருக்கும். ராத்திரி முழுக்கத் தேடினாலும் பிழை எங்கே என்று கண்ணில் படாது.

தம்பியின் ஆப்புக்கு வருவோம். இதே வேலையை அரசே பெரிய அளவில் செய்கிறது. டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்பை மத்திய அரசு 2023 காரீஃப் பருவத்தில் 12 மாநிலங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் உண்டு. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் பராமரித்துவந்த அடங்கல் கணக்கு, இதில் போனுக்கு மாறுகிறது. கணக்கெடுப்பவர் அந்தந்த உட்பிரிவு வயலுக்கே போக வேண்டும். அவர் நிற்கும் இடம் நில வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆப் பார்க்கும். பிறகு பயிரைப் பதிந்து, படம் எடுத்து ஏற்ற வேண்டும். வேலைப்பளுவைக் காட்டி கிராம நிர்வாக அலுவலர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம், சம்பா நிற்கிற வயல், வழுக்கும் வரப்பு, கையில் அவரவர் போன். இப்படி ஒரு வேலைக்கு ஆப் எழுதுகிறவர் எதை எதில் சோதிக்க வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

முதலில் இடம். எமுலேட்டரில் 10.96, 79.38 என்று அட்சரேகை, தீர்க்கரேகையைத் தட்டினால், அடுத்த நொடி நாம் கும்பகோணத்தில் இருப்போம். துல்லியமாக அந்தப் புள்ளியில், ஆடாமல் அசையாமல். போனில் அப்படிக் கிடையாது. திறந்த வானத்தின் கீழேகூட ஒரு சாதாரண போனின் ஜிபிஎஸ் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டலாம். 5 மீட்டர் என்றால் சுமார் 16 அடி. இதை நம் நில அளவையில் போட்டுப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரு மா என்பது 100 குழி. குழி 144 சதுர அடி. ஆக 14,400 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 120 அடி, 16 அடிப் பிழையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பங்கு பிரித்துப் பங்கு பிரித்து 30 அடி அகலமும் 480 அடி நீளமுமாகக் கிடக்கிற ஒரு மா எத்தனையோ உண்டு. அதன் நட்டநடுவில் நின்றாலும் இரண்டு பக்க வரப்பும் 15 அடியில் இருக்கிறது. நம் நிலத்தில் நிற்கும் ஆளைப் போன் பக்கத்து நிலத்துக்காரராக்கிவிடும். "நீங்கள் இந்த உட்பிரிவுக்குள் இல்லை" என்று ஆப் சொல்லும்; அவர் கீழே பார்ப்பார், தன் கால் தன் சேற்றில்தான் இருக்கும்.

இதை எமுலேட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் பிழையே இல்லாத புள்ளியை நாம்தான் அதற்கு ஊட்டுகிறோம்.

நேரமும் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறேன் என்ற விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், 30 நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியலும் முழுசாக வந்து சேர 12.5 நிமிடம். இன்டர்நெட் இருந்தால் போன் இந்த விவரத்தை டவர் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும். டவர் இல்லாத வயலில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். தம்பியின் ஆப்பில் பத்து நொடிக்குள் இடம் தெரியாவிட்டால் பிழைச் செய்தி வரும்படி எழுதியிருந்தார். எமுலேட்டரில் ஒரு நொடிகூட ஆகாது. பத்து என்பது அவருக்குத் தாராளமாகத் தெரிந்திருக்கிறது. (மேகம் மூடியதால் ஜிபிஎஸ் வரவில்லை என்று சொல்வார்கள். மேகம் அவ்வளவாகத் தடுக்காது. தலைக்கு மேலே அடர்ந்து நிற்கும் தென்னந்தோப்புதான் தடுக்கும்.)

அடுத்தது கேமரா. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் படிவமும் கேமராவும் சேர்ந்த எல்லா ஆப்பிலும் இந்தப் பள்ளம் இருக்கிறது. பயனர் சர்வே எண், பயிர், ரகம், நட்ட தேதி எல்லாவற்றையும் நிரப்புகிறார். "படம் எடு" என்பதைத் தட்டுகிறார். நம் ஆப் போனின் கேமரா ஆப்பைக் கூப்பிடுகிறது. கேமரா நிறைய நினைவகம் கேட்கும். 2 ஜிபி, 3 ஜிபி ராம் உள்ள போனில் அதற்கு இடம் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கிற ஆப் ஒன்றை மூடும். பின்னால் இருப்பது நாம்தான். படம் எடுத்துத் திரும்பி வந்தால் படிவம் வெள்ளையாக நிற்கும். ஆள் முதலிலிருந்து நிரப்புவார், மறுபடி கேமரா, மறுபடி வெள்ளை. மூன்றாவது முறை ஆப்பை அழித்துவிடுவார், அதில் தப்பும் சொல்ல முடியாது.

இது ஆண்ட்ராய்டின் கோளாறு இல்லை. இப்படி மூடுவேன் என்று அது முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருக்கிறது. மூடுமுன் நிலவரத்தைச் சேமித்துவைக்க வழியும் கொடுத்திருக்கிறது. 16 ஜிபி லேப்டாப்பிலிருந்து தாராளமாக ராம் வாங்கி ஓடுகிற எமுலேட்டரில் அந்த மூடல் நடப்பதே அரிது, அதனால் சேமிக்க வேண்டும் என்ற எண்ணமே எழுதுகிறவருக்கு வருவதில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால், ஒரு திரையை விட்டு நகர்ந்ததும் அந்தத் திரை மூடப்படும். எமுலேட்டரிலும் போடலாம், போனிலும் போடலாம். தம்பியிடம் அங்கேயே போடச் சொன்னேன். டீ வருவதற்குள் அவருடைய படிவம் காலியாகிவிட்டது.

படத்தின் எடையும் உண்டு. எமுலேட்டரின் வரைந்த அறைப் படம் சின்னது. இன்று குறைந்த விலைப் போன்களே 50 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்கின்றன. அந்த அளவில் எடுத்த ஒரு படத்தை அப்படியே நினைவகத்தில் விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 200 எம்பி. திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் காட்டுவதற்காக இவ்வளவையும் விரித்தால் ஆப் அந்த இடத்திலேயே விழும். சில போன்களில் படம் படுத்துக்கொண்டு வரும். சென்சார் உள்ளே பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். எப்படித் திருப்ப வேண்டும் என்ற குறிப்பு படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத ஆப்பில் நெற்பயிர் எல்லாம் இடமிருந்து வலமாக வளரும்.

கையும் விரலும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மவுஸின் முனை ஒரு புள்ளி. கட்டைவிரல் அப்படி இல்லை. தொடும் பொத்தான் குறைந்தது 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. ஈர விரலையும் திரையில் விழுந்த மழைத்துளியையும் தொடுதிரை சரியாகப் பிரித்தறியாது. நடுப்பகல் வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள வயலுக்குக்கூடப் போக வேண்டாம், மொட்டை மாடிக்குப் போனால் போதும்.

தம்பிக்கு இன்னொரு சந்தேகம். "போன்ல போட்டா சர்வரே கனெக்ட் ஆக மாட்டேங்குதுண்ணே. எமுலேட்டர்ல மட்டும் ஆகுது." முதல்முறை போனில் ஓட்டுகிற பாதிப்பேர் முட்டிக்கொள்ளும் சுவர் இது. எமுலேட்டருக்குள்ளிருந்து 10.0.2.2 என்ற முகவரியைக் கூப்பிட்டால் அது லேப்டாப்பைக் குறிக்கும். எமுலேட்டருக்கென்று செய்துவைத்த ஏற்பாடு அது. நிஜப் போனுக்கு அப்படி ஒரு முகவரி தெரியாது. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினாலோ, போன் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்து, லேப்டாப்புக்கு அந்த வைஃபை கொடுத்த முகவரியை எழுதினால் வேலை முடிந்தது.

தஞ்சாவூர் மாவட்டக் கிராமத்து ஆப்புக்கு முக்கியமான ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன். டவர் இல்லாத இடத்தில் எடுத்த படங்களைப் போனிலேயே வைத்திருந்து, வீட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் தானாக ஏற்றிவிடலாம் என்பது தம்பியின் யோசனை. நல்ல யோசனை. ஆனால் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரையணைந்து, சார்ஜில் இல்லாமல், அசையாமல் கிடக்கிற போன் தூக்கத்துக்குப் போகும். பின்னால் நடக்கிற வேலைகளைத் தள்ளிவைக்கும். எமுலேட்டரோ எப்போதும் சார்ஜில் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, தூங்குவதே இல்லை. கட்டளை கொடுத்து அதைத் தூங்கவைக்கலாம், அதுவரை சரி. ஆனால் நம் ஊரில் விற்கும் விவோ, ரெட்மி, ஓப்போ, ரியல்மி, சாம்சங் ஒவ்வொன்றும் கூகுளின் ஆண்ட்ராய்டுக்கு மேல் தன் சொந்தப் பூச்சு பூசியிருக்கிறது. பேட்டரி நீடித்து நிற்க வேண்டும் என்று அவை தங்களுக்கென்று கூடுதல் விதிகள் வைத்திருக்கின்றன. சிலவற்றில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியைப் பயனரே தேடிப்போய்க் கொடுத்தால்தான் ஆப் பின்னால் உயிரோடு இருக்கும். எமுலேட்டரில் இருப்பது பூச்சில்லாத ஆண்ட்ராய்டு. இந்த விதிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ராத்திரி ஏறியிருக்க வேண்டிய படங்கள் காலையிலும் அப்படியே கிடப்பதைப் போனில் மட்டுமே பார்க்க முடியும், அதிலும் அந்தந்தக் கம்பெனிப் போனில்.

எமுலேட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. கையில் உள்ள போன் ஒன்றில் ஒரு ஆண்ட்ராய்டுதான் இருக்கும். எமுலேட்டரில் பழைய ஆண்ட்ராய்டு, புதிய ஆண்ட்ராய்டு, சின்னத் திரை, டேப்லெட், மடிக்கும் போன் எல்லாவற்றையும் காசில்லாமல் வரிசையாக ஓட்டலாம். வேண்டுமென்றே கெடுக்கவும் செய்யலாம்: நெட்டை எட்ஜ் வேகத்துக்கு இறக்கலாம், பேட்டரியை 5 சதவீதம் ஆக்கலாம், பொய்யாக ஒரு போன் கால் வரவைக்கலாம், வரைபடத்தில் ஒரு பாதை போட்டு ஆளை நடக்கவைக்கலாம். எழுத்தளவைப் பெரிதாக்கி, தமிழ் எழுத்துகள் பொத்தானுக்கு வெளியே வழிகின்றனவா என்றும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அடங்கிய இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. நாளெல்லாம் எழுதுவது, மாற்றுவது, மறுபடி ஓட்டுவது என்ற வேலைக்கு எமுலேட்டர்தான் வசதி. எழுதியது நாம் நினைத்தபடி எழுதியிருக்கிறோமா என்று அது சொல்லிவிடும்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகிற சாலையில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1922 முதல் இருக்கிற நிலையம். ஆடுதுறை ரகங்கள் என்று நம் விவசாயிகள் சொல்கிற நெல்லெல்லாம் அங்கிருந்து வந்தவை. நிலையத்து வயலில் ஒரு ரகம் நன்றாக விளைந்துவிட்டது என்பதற்காக உடனே விதைநெல் மூட்டை கட்டிவிட மாட்டார்கள். வேறு வேறு ஊர்களில் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் விவசாயிகளின் சொந்த வயலில், அவர்கள் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் வெளியீடு. நிலையத்து வயல் வீண் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே தேறாதது வெளியே போகவே போகாது. எமுலேட்டருக்கு நான் கொடுக்கிற இடமும் அதுதான்.

எந்தப் போனில் சோதிப்பது? தம்பி தன் போனை எடுத்துக் காட்டினார். 8 ஜிபி ராம், புதுசு. அது எமுலேட்டருக்குக் கொஞ்சம் பக்கத்து வீடு. பயனர் கையில் இருக்கிற போன் வேண்டும்: நாலைந்து வருஷம் பழசு, இடம் நிறைந்து வழிகிறது, வாட்ஸ்அப் குழுக்களின் காலை வணக்கப் படங்கள் ஆயிரம், திரையில் கீறல். பெரும்பாலான வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று கிடக்கும். இல்லாவிட்டால் செகண்ட்ஹேண்டில் வாங்கலாம். புதுப் போன் ஒன்றை இதற்கென்று வாங்குவதைவிடப் பழசு இரண்டு, வெவ்வேறு கம்பெனி, வாங்குவதே மேல் என்பது என் கட்சி. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினால், லேப்டாப்பில் எமுலேட்டர் தெரிகிற அதே பட்டியலில் போனும் தெரியும். சில போன்களில் வேறு ஒன்றிரண்டு அனுமதியும் கேட்கும். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு வெளியே நடக்க வேண்டும். கேபிளோடு இருக்கிற போன் சார்ஜில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நிஜப் போன்களை வாடகைக்குக் கொடுக்கும் சேவைகளும் உண்டு. மும்பையில் 2011இல் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப், அமேசானின் டிவைஸ் ஃபார்ம் எல்லாம் அந்த ரகம். அலமாரி அலமாரியாக அடுக்கிய போன்களை நாம் இங்கிருந்தே இயக்கலாம். குறிப்பிட்ட ஒரு மாடலில் மட்டும் ஆப் விழுகிறது என்று புகார் வந்தால் இவை பெரிய உதவி. ஆனால் அந்தப் போன்கள் ஏசி அறையில், நல்ல நெட்டில், சேறு படாமல் வாழ்கின்றன.

தம்பிக்கு இதில் இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள் பிளே ஸ்டோரில் ஆப்பைப் பொதுவில் வெளியிடுமுன், ஒரு சிறு குழுவிடம் கொடுத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். "அது ஈஸிண்ணே, என் கிளாஸ்லயே பன்னெண்டு பேரு புடிச்சிருவேன்" என்றார்.

பிடிக்கலாம். பன்னிரண்டு பேரும் விடுதி வைஃபையில், புதுப் போனில், கட்டிலில் படுத்துக்கொண்டு திறந்து பார்த்துவிட்டு "சூப்பர் மச்சி" என்பார்கள். அதற்குப் பதில் பாபநாசத்து மாமா, திருப்பனந்தாளில் உரக்கடை வைத்திருக்கிற சித்தப்பா, வலங்கைமானில் நாற்று விடுகிற பெரியம்மா என்று ஆறு பேரையாவது சேர்க்கச் சொன்னேன். ஆப் எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேட்க வேண்டாம், பிள்ளை மனசு நோகும் என்று நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல், ஒரு வயலைப் பதிந்து முடிக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும். எங்கே கண்ணாடியை ஏற்றிப் பார்க்கிறார்கள், எங்கே "இது என்னப்பா கேக்குது?" என்கிறார்கள், அதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து எமுலேட்டரில் உட்கார்ந்து திருத்த வேண்டும். தம்பி தன் நோட்டில் முதலில் எழுதியது பெரியம்மாவின் போன் மாடல். ஆண்ட்ராய்டு 9, ராம் 2 ஜிபி.